போவிஸ் கோட்டைக்கு இரண்டாம் முறை போவதென்றால்

வேல்ஸில் இருக்கிற போவிஸ் கோட்டையை ஏற்கெனவே ஒருமுறை அவசர அவசரமாகப் பார்த்துவிட்டோம், இந்தக் கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போவதில் அர்த்தம் இருக்கிறதா, திப்புவின் சாமான்கள் இருக்கும் அந்த ஒரு அறையை விட்டால் அங்கே வேறென்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஆனால் போன தடவை போன மாதிரி போகாதீர்கள். நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: டிக்கெட் வாங்கியதும் நேராக கிளைவ் அருங்காட்சியகத்துக்கு ஓடுவது, திப்புவின் கூடாரத்தையும் புலித்தலையையும் பார்ப்பது, ‘எல்லாம் நம்மகிட்டே அடிச்சது’ என்று சொல்லிவிட்டு தோட்டத்தில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவது. அந்தக் கோபத்தில் தப்பில்லை. ஆனால் அந்த அறையை மட்டும் பார்த்தால் அது எப்படி அந்த வீட்டுக்குள் வந்தது என்பது புரியாது. இரண்டாம் முறை போகும்போது அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டை வீடாகப் பாருங்கள். யார் கட்டினார்கள், யார் வாங்கினார்கள், எந்தக் காலத்தில் யாருக்குக் காசு இருந்தது, யாருக்கு இல்லை என்று பணத்தின் பின்னாலேயே போனால் அந்தக் கோட்டை முழுவதும் ஒரே கதையாகிவிடும், அந்தக் கதையின் நடுவில் சென்னைப் பட்டணம் வந்து உட்கார்ந்திருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அங்கே வரும் பாதிப் பேர் இது பிளாசியில் ஜெயித்த ராபர்ட் கிளைவின் வீடு என்றும், திப்புவை வென்று பொருள்களைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. ராபர்ட் கிளைவ் 1774-லேயே இறந்துவிட்டார், ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது 1799 மே 4. நடுவில் கால் நூற்றாண்டு. போவிஸ் அவருக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. திப்புவின் பொருள்கள் வந்து சேர்ந்தது அவருடைய மூத்த மகன் எட்வர்டு கிளைவின் காலத்தில், அவரைவிட முக்கியமாக எட்வர்டின் மனைவி ஹென்ரியட்டா மூலமாக. அந்தப் பெண்மணிதான் இந்தக் கோட்டையின் மகள். அவரிடம் பிறகு வருகிறேன்.

கோட்டையின் தொடக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டு. வேல்ஸில் இங்கிலாந்து மன்னர்கள் கட்டிய கார்னார்வன், கான்வி போன்ற கோட்டைகள்தான் புகழ் பெற்றவை. போவிஸ் அந்த ஜாதி இல்லை, வேல்ஸ்காரர் ஒருவரே தனக்காகக் கட்டிக்கொண்டது. தெற்குப் போவிஸை ஆண்ட கிரிஃபித் அப் க்வென்வின்வின் என்ற சிற்றரசர். (பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டாம், வழிகாட்டிகளே திணறுவார்கள்.) இவர் வேல்ஸின் பெரிய தலைவரான லிவலினுக்கு எதிராக, லிவலினின் சொந்தத் தம்பியையே சேர்த்துக்கொண்டு 1274-இல் கொலைச் சதி செய்தார். குறித்த நாளில் பனிப்புயல் அடித்ததால் ஆள் வந்து சேர முடியாமல் சதி கெட்டது. கிரிஃபித் இங்கிலாந்துக்கு ஓடினார், லிவலின் கோட்டையைக் கைப்பற்றி இடித்தார். பிறகு முதலாம் எட்வர்டு மன்னர் 1277-இல் வேல்ஸின் மீது படையெடுத்தபோது அவருடைய தயவில் கிரிஃபித் திரும்பி வந்து மறுபடியும் கட்டியதுதான் நாம் இன்று பார்ப்பதன் அடித்தளம். நம்மூர்க் கதைகளில் எட்டப்பனுக்கு என்ன இடமோ, வேல்ஸ்காரர்களின் கதைகளில் கிட்டத்தட்ட அந்த இடம் இவருக்கு. எட்டயபுரத்துக்காரர்கள் மறுப்பு வைத்திருப்பதுபோல இவர் பக்கத்து நியாயமும் உண்டு, லிவலின் ஒன்றும் சாது இல்லை. சரி, அது வேறு பேச்சு. கிரிஃபித்தின் மகன் காலத்தில் அரசர் என்ற பட்டம் போய் ஆங்கிலேயப் பிரபு என்ற பட்டம் வந்தது. அவருடைய வாரிசாக ஹவீஸ் என்ற பெண் மட்டும் மிஞ்ச, அவளை 1309-இல் ஜான் சார்ல்டன் மணந்து கோட்டைக்கு உடையவரானார். பெண் வழியாகச் சொத்து கைமாறுவது இந்த வீட்டில் அதுதான் முதல் தடவை, கடைசித் தடவை அல்ல.

மேற்கு வாசலில் நிற்கும் இரண்டு உருண்டைக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு நிமிடம் நில்லுங்கள். சிவப்பு மணற்கல், தடித்த சுவர், மலைமுகட்டின் பாறையிலிருந்தே எழும்பி நிற்கும் உடம்பு. இடைக்காலக் கோட்டை என்று சொல்ல இங்கே மிச்சம் இருப்பது ஏறக்குறைய இந்த ஓடு மட்டும்தான். உள்ளே நுழைந்ததும் எல்லாம் வேறு. சண்டைக்குக் கட்டிய கட்டடத்துக்குள் குடும்பம் நடத்த ஆரம்பித்தால் என்னென்ன மாற்ற வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே போங்கள்: ஜன்னல் பெரிதாக வேண்டும், கணப்பு வேண்டும், தரையில் பலகை வேண்டும், சுவரில் மரத்தகடு வேண்டும், மழைநாளில் கால் நீட்டி நடக்க இடம் வேண்டும்.

அந்தக் கடைசித் தேவைக்குப் பதில்தான் நீண்ட கூடம். 1587-இல் பெம்புரோக் பிரபுவின் இளைய மகன் சர் எட்வர்டு ஹெர்பர்ட் இந்தக் கோட்டையை விலைக்கு வாங்குகிறார். மூத்த மகனுக்குத்தான் பூர்விகச் சொத்து போகும், இளையவர் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வாங்கிய சில ஆண்டுகளிலேயே இந்தக் கூடத்தை அமைத்துவிட்டார், சுதை வேலையில் 1593 என்று ஆண்டு போட்டிருக்கும். விதானத்தில் ஹெர்பர்ட் குடும்பத்துக்கும் உறவுக்காரர்களுக்கும் உரிய சின்னங்கள் வரிசையாக வரும், புதிதாக வந்தவர் தன் வம்சப் பெருமையைத் தலைக்கு மேலே எழுதி வைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் செதுக்கிய மரம் போலத் தெரிவது பல இடங்களில் வெறும் வண்ணப் பூச்சு, கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் அப்பாவுக்குக் கட்டட வேலையில் ஆர்வம் இருந்தால் இந்த ஒரு கூடத்திலேயே நேரம் ஓடிவிடும். அங்கே பாம்போடு நிற்கும் பூனையின் ரோமானியப் பளிங்குச் சிலை ஒன்று இருக்கிறது, பூனைப் பிரியையான தன் மனைவி மார்கரெட்டுக்காக ராபர்ட் கிளைவ் இத்தாலியில் வாங்கியது. அருங்காட்சியகத்துக்கு ஓடுகிறவர்கள் இந்தப் பூனையைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள், கவனிப்பதில்லை. இந்த மார்கரெட்டை ராபர்ட் கிளைவ் மணந்தது எங்கே தெரியுமா? 1753 பிப்ரவரியில், நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில். தலைமைச் செயலகத்துக்கு வேலையாகப் போனவர்கள் அதைக் கடந்துதான் போயிருப்பார்கள்.

அடுத்தது அரச படுக்கையறை. கத்தோலிக்கர்களான ஹெர்பர்ட் குடும்பம் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்றது, 1644-இல் நாடாளுமன்றப் படையிடம் கோட்டையை இழந்தது. மன்னராட்சி திரும்பியதும் இரண்டாம் சார்லஸ் வந்து தங்குவதற்கென்று இந்த அறையை அமைத்தார்கள். கட்டில் இருக்கும் உள்ளறையையும் ஆட்கள் நிற்கும் இடத்தையும் பிரித்து மரத்தில் ஒரு கைப்பிடித் தடுப்பு இருக்கும். பிரான்ஸில் லூயி மன்னருடைய அரண்மனை வழக்கம் அது, மன்னர் தூங்கி எழுவதும் ஒரு சபை நிகழ்ச்சி, தடுப்புக்கு அப்பால் யார் போகலாம் என்பதே ஒரு தகுதி. பிரிட்டனில் இப்படித் தடுப்போடு மிஞ்சியிருக்கும் படுக்கையறை இது ஒன்றுதான். கிரீடத்தோடு சார்லஸின் எழுத்துகள் அங்கங்கே பொறித்திருக்கும், தேடிப் பாருங்கள். ஒரு மன்னர் வந்தாலும் வருவார் என்பதற்காக ஒரு குடும்பம் இவ்வளவு செலவு செய்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும். அந்த விசுவாசத்துக்குக் கிடைத்த பலனையும் சொல்லிவிடுகிறேன்: குடும்பத் தலைவர் கத்தோலிக்கச் சதியில் பங்கு உண்டு என்ற சந்தேகத்தில் லண்டன் டவர் சிறையில் பல ஆண்டுகள் அடைக்கப்பட்டார். வெளியே வந்தவர் 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நாட்டை விட்டு ஓடியபோது அவரோடு பிரான்ஸுக்குப் போனார். புது மன்னர் மூன்றாம் வில்லியம் கோட்டையைத் தன் டச்சு உறவினருக்குக் கொடுத்தார். 1722 வாக்கில்தான் ஹெர்பர்ட்டுகள் திரும்பி வர முடிந்தது. பெரிய மாடிப்படியும் அதன் ஓவியங்களும் ஆளுயரக் கம்பீரம்தான், ஆனால் அது மாதிரி இங்கிலாந்தில் நிறைய இடங்களில் பார்க்கலாம், அங்கே ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம்.

இப்போது கதையின் திருப்பம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஹெர்பர்ட் குடும்பத்துக்குப் பட்டம் இருந்தது, பழம்பெருமை இருந்தது, கடனும் இருந்தது. கோட்டை பழுதடைந்து கிடந்தது. கிளைவ் குடும்பத்துக்கு நேர் எதிர்: பிளாசிக்குப் பிறகு ராபர்ட் கிளைவுக்கு வங்காள நவாபிடமிருந்து கிடைத்த தொகை மட்டுமே 2,34,000 பவுண்டு, அதற்கு மேல் ஆண்டுக்கு 27,000 பவுண்டு வருமானம் தரும் ஜாகிர், ஆனால் கொடுக்கப்பட்ட பட்டம் அயர்லாந்துப் பட்டம், மேல்தட்டு மக்கள் ‘நபாப்’ என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். 1784-இல் எட்வர்டு கிளைவும் ஹென்ரியட்டா ஹெர்பர்ட்டும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரு பக்கம் காசு, ஒரு பக்கம் குலம். ஹென்ரியட்டாவின் அண்ணன் கல்யாணம் ஆகாமலே 1801-இல் இறக்க, சொத்து தங்கை மகனுக்கு என்று ஆனது. போவிஸ் பிரபு என்ற பட்டத்தை 1804-இல் எட்வர்டு கிளைவுக்கே புதிதாகக் கொடுத்தார்கள். சொத்தை அடைய மகன் 1807-இல் கிளைவ் என்ற பெயரை விட்டுவிட்டு ஹெர்பர்ட் என்று மாற்றிக்கொண்டார். அதாவது சம்பாதித்தது கிளைவ், பெயர் ஹெர்பர்ட். பிறகு 1810-களில் பிரிட்டிஷ் மியூசியத்தைக் கட்டிய அதே ராபர்ட் ஸ்மர்க் வந்து கோட்டையைப் பழுது பார்த்தார். அந்தக் கூரை நிற்பது இந்தியாவிலிருந்து போன பணத்தில்தான். அருங்காட்சியக அறையில் கண்ணாடிக்குள் இருப்பதுதான் இந்தியச் சொத்து என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம், கண்ணாடிக்கு வெளியே இருப்பதிலும் பாதி அதுதான்.

சென்னையோடு இருக்கும் தொடர்பை உங்கள் அப்பா அம்மாவுக்கு இந்த இடத்தில் சொல்லுங்கள், அவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். அந்த ஐந்து வருடத்தில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். 1799 மே மாதம் திப்பு வீழ்கிறார். அக்டோபர் 16 கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்படுகிறார். அதே ஆண்டு தஞ்சாவூரின் நிர்வாகம் சரபோஜியிடமிருந்து கம்பெனிக்குப் போகிறது. 1801 ஜூலையில் ஆற்காடு நவாபின் ஆட்சி ஒரு ஒப்பந்தத்தோடு முடிகிறது, அக்டோபர் 24 மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்படுகிறார்கள். இன்றைய தமிழ்நாட்டின் பெரும்பகுதி கம்பெனியின் நேரடிக் கைக்குள் வந்தது இவர் நாற்காலியில் இருந்தபோது. இவர் பெரிய சூரர் என்று சொல்ல மாட்டேன், மைசூர்ப் போரின்போது கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியே கல்கத்தாவிலிருந்து மதராஸுக்கு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்தினார், எட்வர்டு கையெழுத்துப் போடும் ஆள் மாதிரிதான். கட்டடம் கட்டுவதில் மட்டும் ஆசை அதிகம். திப்புவை வென்றதைக் கொண்டாட ஜான் கோல்டிங்ஹாமைக் கொண்டு ஒரு விருந்து மண்டபம் கட்டினார், 1802-இல் முடிந்தது. இன்று அதற்குப் பெயர் ராஜாஜி மண்டபம். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று எல்லோருடைய உடலையும் அஞ்சலிக்கு வைத்த அந்த உயரப் படிக்கட்டு, டி.வி.யில் பார்க்காத ஆள் உண்டா? அதைக் கட்டியவர் வீட்டில்தான் நிற்கிறோம் என்று சொன்னால் அம்மாவுக்குக்கூட சட்டென்று கால் வலி மறந்துவிடும்.

கணவரைவிட ஹென்ரியட்டா சுவாரஸ்யமானவர். ரெனால்ட்ஸ் வரைந்த அவருடைய ஓவியம் கோட்டையில் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால் வரைந்தது, பார்க்காமல் வராதீர்கள். 1800-இல் கணவரை மதராஸில் விட்டுவிட்டு, இரண்டு மகள்களையும், அவர்களுக்குப் பாடம் சொல்லித் தந்த இத்தாலிய ஓவியர் அன்னா டொனெல்லியையும் கூட்டிக்கொண்டு தென்னிந்தியாவைச் சுற்றக் கிளம்பினார். யானை, பல்லக்கு, மாட்டுவண்டி, காவலுக்குச் சிப்பாய்கள் என்று பெரிய ஊர்வலம். வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர், அப்புறம் மலை இறங்கி கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஏழு மாதம், ஆயிரம் மைலுக்கு மேல். திப்பு இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். வழியெல்லாம் செடியும் கல்லும் சேர்த்தார், அவருடைய கனிமத் தொகுப்பு இன்றும் கார்டிஃபில் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இளைய மகள் சார்லட்டுக்கு அப்போது 12 வயது, பயணத்தை நாட்குறிப்பாக எழுதினாள். பிற்காலத்தில் நார்தம்பர்லாண்ட் சீமாட்டியாகி, சிறுமியாக இருந்த விக்டோரியாவுக்கு ஆசிரியப் பொறுப்பு ஏற்றவள் அவள்தான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் கிளிவியா என்ற செடிக்கு அந்தப் பெயர் வந்ததும் இந்தச் சார்லட் கிளைவால், 1828-இல் வைத்தது. நம் வீட்டுத் தொட்டிகளில் எத்தனை பேருடைய பெயர் பூத்துக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அருங்காட்சியக அறைக்குள் போங்கள். இது பழைய நடனக்கூடக் கட்டடத்தில், 1987-இல்தான் அருங்காட்சியகமாகத் திறந்தது. வெளிச்சம் மங்கலாக இருக்கும், துணிகள் வெளுத்துவிடும் என்பதால் அப்படி. கண் பழகக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

கூடாரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அது பருத்தி, சீட்டித் துணி. வெள்ளைத் தரையில் அச்சுக்கட்டையாலும் கையாலும் போட்ட பூச்சாடிகள், ஒவ்வொரு பட்டியிலும் வளைவுக்குள் ஒரு ஜாடி, அதில் பூங்கொத்து. பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் செய்தது, எனவே திப்புவுக்கே அது பழைய சாமானாகத்தான் வந்திருக்க வேண்டும். போவிஸ் குடும்பத்தார் இதைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டார்கள். ஒரு சுல்தானுடைய கூடாரம், கீழே தேநீர்க் கோப்பை. எந்தப் பெயர்ப்பலகையும் சொல்ல முடியாததை இது ஒன்றே சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம்.

புலித்தலை சின்னது, கைக்குள் அடங்கும் அளவு. எதிர்பார்ப்போடு போகிறவர்கள் ‘இவ்வளவுதானா’ என்பார்கள். திப்புவின் சிம்மாசனத்தைச் சுற்றியிருந்த தடுப்பில் இப்படி எட்டுச் சிறு தலைகள் இருந்தன, உள்ளே அரக்கு, மேலே தங்கத் தகடு, கண்ணுக்கும் பல்லுக்கும் கற்கள். கோட்டை விழுந்ததும் கொள்ளைப் பொருளைப் பங்கு போடும் அதிகாரிகள், அந்தச் சிம்மாசனத்தை முழுசாகக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் வெல்லெஸ்லிக்கு வருவதற்குள் உடைத்துத் துண்டு போட்டுவிட்டார்கள். காலடியில் இருந்த பெரிய புலித்தலையும் மேலே இருந்த ஹுமா என்ற கற்பனைப் பறவையும் வின்ட்சர் அரண்மனைக்குப் போயின. இந்தச் சின்னத் தலை வெல்லெஸ்லி மூலமாக ஹென்ரியட்டாவுக்கு வந்தது. வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா பிளாசியில் தோற்று விட்டுவிட்டு ஓடினார் என்று சொல்லப்படும் பல்லக்கும் அங்கே இருக்கிறது, அது அப்பா கிளைவ் கணக்கு. தந்தத்தில் செய்த சீட்டுகள், ஹூக்காக்கள், வாள்கள், தென்னாட்டுச் சாமி விக்கிரகங்கள் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது இது அப்பாவுடையதா மகனுடையதா, வங்காளமா மைசூரா, பரிசா, ஏலமா, கொள்ளையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழி வேறு வேறு. ‘எல்லாம் அடிச்சது’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் சரபோஜியின் தஞ்சாவூரை ஒரு காகிதத்தால் எடுத்துக்கொண்டதற்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பீரங்கியால் எடுத்துக்கொண்டதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும், காகிதத்தால் எடுத்தது தப்பித்துக்கொள்ளும்.

திருப்பித் தர வேண்டுமா என்று அப்பா நிச்சயம் கேட்பார். என்னுடைய அபிப்பிராயம், புலித்தலையும் கூடாரமும் மைசூர்ப் பக்கம்தான் இருக்க வேண்டும், சிம்மாசனத் துண்டுகள் பிரிந்து கிடப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. நடக்குமா என்றால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் பேச்சு மாறியிருக்கிறது. கோட்டையை நிர்வகிக்கும் நேஷனல் டிரஸ்ட் 2020-இல், தன் வசம் உள்ளவற்றில் 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் இருக்கும் தொடர்பை அறிக்கையாகவே வெளியிட்டது, போவிஸும் அதில் உண்டு. அதற்கே அங்கே பெரிய சண்டை நடந்தது. கூடங்களில் இருக்கும் தன்னார்வலர்களிடம் கேளுங்கள், நிதானமாகப் பேசுவார்கள். ஓய்வு பெற்ற உள்ளூர்க்காரர்கள் பலர், உங்கள் பெற்றோர் வயதுதான். அவர்களிடம் கட்டபொம்மனைப் பற்றிச் சொன்னால் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்பார்கள், பெரும்பாலும் அந்தப் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

தோட்டத்தை வைத்தே ஒரு நாள் ஓட்டலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். மலைச்சரிவை வெட்டி இத்தாலிய பாணியில் அடுக்கடுக்காகப் போட்ட தளங்கள், பதினேழாம் நூற்றாண்டுக் கடைசியில் தொடங்கியது. இங்கிலாந்தில் இந்தப் பாணித் தோட்டங்களைப் பிற்காலத்தில் பெரும்பாலும் அழித்துப் புல்வெளியாக்கிவிட்டார்கள். இங்கே வீட்டில் காசு இல்லாத காலம் என்பதால் தப்பியது, ஏழ்மை சில சமயம் நல்ல காவல்காரன். அந்தக் காலத்தில் சின்னக் கூம்புகளாக நட்ட யூ மரங்கள் இன்று மேகம் மாதிரி உப்பி மதில் மேலே வழிகின்றன. ஈயச் சிலைகள், ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்தில் வைக்கும் கூடம், திரிகிற மயில்கள். மயிலைப் பார்த்து அம்மா நம்மூர் என்பார், சரிதான்.

கீழே இருக்கும் தோட்டத்தில் மட்டும் சற்று உட்காருங்கள். அது நாலாவது பிரபுவின் மனைவி வயலட் போட்டது. 1902 வாக்கில் அவருடைய கணவர், போட்லி என்ற கட்டடக் கலைஞரை வைத்து வீட்டின் உள்ளே மாற்றினார், நாம் பார்க்கும் சாப்பாட்டு அறையெல்லாம் அந்த வேலைதான், பழசு மாதிரி தெரிந்தாலும் நூறு வருடத்துப் புதுசு. 1911-இல் தோட்டத்தை வயலட் கையில் எடுத்துக்கொண்டார், காய்கறித் தோட்டத்தையும் கண்ணாடி வீடுகளையும் கண்ணில் படாத பக்கத்துக்குத் தள்ளினார். மூத்த மகன் முதல் உலகப் போரில், 1916-இல் சோம் போர்க்களத்தில் காயம்பட்டு இறந்தான். வயலட் கார் விபத்தில் அடிபட்டு 1929-இல் இறந்தார். இளைய மகன் 1943-இல் விமானப்படையில் இறந்தான். தனியாக மிஞ்சிய கிழவர் 1952-இல் தான் இறக்கும்போது கோட்டையை நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்துவிட்டார், பட்டம் பங்காளி வழியில் போனது. நமக்கு இன்று டிக்கெட் வாங்கி உள்ளே போக முடிவதற்குக் காரணம் இதுதான். கிளைவ் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்காக நான் அழப் போவதில்லை, ஆனாலும் அந்த ஆப்பிள் மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் அந்தத் தாயை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

நடைமுறை விஷயங்கள். பர்மிங்ஹாமிலிருந்து அபெரிஸ்ட்வித் போகும் ரயில் ஷ்ரூஸ்பரி வழியாக வெல்ஷ்பூலில் நிற்கும், ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆனால் ரயில்கள் அடிக்கடி கிடையாது, திரும்பும் ரயிலை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஊர் வழியாக மான் பூங்காவைக் கடந்து நடந்தே போகலாம், வழி அழகு, ஆனால் ஏற்றம், பெரியவர்களுக்கு டாக்சிதான் சரி. தோட்டத்தில் படிகளும் சரளைக்கல்லும் அதிகம், முட்டி வலி இருந்தால் மேல்தளத்தில் நின்று பார்த்தாலே முக்கால்வாசி கிடைத்துவிடும், கீழே இறங்குகிறவர்கள் இறங்கிவிட்டு வரட்டும். வீட்டைத் தோட்டத்தைவிடத் தாமதமாகத் திறப்பார்கள், குளிர்காலத்தில் சில அறைகள் மூடியிருக்கும், எனவே போவதற்கு முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடையில் இன்னும் இரண்டு மூன்று நேஷனல் டிரஸ்ட் இடங்கள் போவதாக இருந்தால் உறுப்பினர் அட்டையே லாபம். காலையில் வீடு, மதியம் சாப்பாடு, அப்புறம் அருங்காட்சியகம், கடைசியில் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேநீர்க் கடையில் ஸ்கோன் நன்றாக இருக்கும், அப்பாவுக்குச் சோறு வேண்டுமென்றால் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட இடம் தாராளம்.

திரும்பும் வழியில் ஷ்ரூஸ்பரியில் நேரம் இருந்தால் இறங்குங்கள். ஊர்ச் சதுக்கத்தில் ராபர்ட் கிளைவின் சிலை நிற்கிறது, அந்த ஊருக்கு அவர் எம்.பி.யாகவும் மேயராகவும் இருந்தவர். 2020-இல் அதை அகற்றச் சொல்லி மனு கொடுத்தார்கள், கவுன்சில் வேண்டாம் என்று வாக்களித்தது. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைக்குள் வரும்.